கல்லரசுக்குக் குழி வேண்டாம், வெடிப்புப் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் காலக் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட 12-இல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இப்படி ஓர் இடம் பெயர் பெற்றால் இரண்டு வேலைகள் பின்னாலேயே வரும். மதிலிலும் மண்டபத்திலும் முளைத்த செடிகளை வெட்டுவது ஒன்று. மொட்டையாகத் தெரியும் குன்றுகளில் மரக்கன்று நடுவது இன்னொன்று. இரண்டுமே வேண்டிய வேலைகள்தான். ஆனால் ஒன்றை ஒருவரும் மற்றதை வேறொருவரும், ஒருவரை ஒருவர் கேட்காமலே செய்கிறார்கள். மதிலிலிருந்து வெட்டி எறியும் செடிகளுக்குள்ளேயே, குன்றில் நட வேண்டிய செடியும் கிடக்கிறது. அதுதான் கல்லரசு. செஞ்சிக்கு மட்டுமல்ல, கல்மலையும் கரடும் உள்ள எல்லா ஊர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் விரிவாக எழுதுகிறோம்.

கல்லரசு அரச மரத்துக்கு நெருங்கிய உறவு. சில இடங்களில் கொடியரசு என்பார்கள். தாவரவியலில் ஃபைகஸ் அர்னாட்டியானா. ராபர்ட் வைட்டுடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களை வகைப்படுத்திய ஸ்காட்லாந்துக்காரர் வாக்கர் அர்னாட்டின் பெயரை ஒட்டி வைத்த பெயர் அது. தென்னிந்தியாவின் கல்மலைகளிலும் இலங்கையிலும் தானாக வளர்கிறது. அரசைப் போல வானத்துக்கு உயராது. பாறையை ஒட்டிப் படர்ந்தாற்போல் கிளை பரப்பும். விழுது கிடையாது. வேர்தான் இதன் அழகு. பாறையின் மேல் மெழுகு உருகி வழிந்து உறைந்ததுபோல் பட்டையாக ஒட்டிக்கொண்டு இறங்கும். வெடிப்புக்குள் போனதும் அதன் அகலத்துக்கு ஏற்பத் தட்டையாகிவிடும். பல அடி கீழே ஈரம் கிடைத்த இடத்தில் மறுபடி உருண்டு திரண்டுகொள்ளும்.

அரசையும் கல்லரசையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அரச இலையின் நுனி வால்போல் நீண்டு தொங்கும். கல்லரசுக்கும் நுனி கூர்மைதான், ஆனால் அந்த வால் இல்லை, சட்டென்று முடிந்துவிடும். கல்லரசின் இலை ஓரம் லேசாக அலைபோல் நெளியும், காம்பை ஒட்டிய அடிப்பகுதி இதய வடிவில் உள்வாங்கியிருக்கும், காம்பும் நடு நரம்பும் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். பழத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. அரசில் பழங்கள் காம்பில்லாமல் இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பு கிளையோடு சேரும் மூலையில், இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். கல்லரசில் இலை உதிர்ந்த வடுக்களின் மேல், சின்னக் காம்போடு கொத்துக் கொத்தாக வரும். சுண்டைக்காய் அளவு. காயில் வெளிர்ப் புள்ளிகள் தெரியும், பழுத்தால் கருஞ்சிவப்பாகும். தை, மாசியில் இலையை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் செம்பு நிறத் துளிர் விடும். அந்த நாட்களில் மலையடிவாரத்தில் நின்று பார்த்தாலே எந்த வெடிப்பில் எத்தனை மரம் என்று எண்ணிவிடலாம்.

கல்லால் என்று ஒரு மரம் உண்டு, தட்சிணாமூர்த்தி அமர்ந்திருப்பதாகச் சொல்லும் மரம். எந்த மரத்தைக் கல்லால் என்பது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். பெரும்பாலும் அந்தப் பெயரால் குறிப்பது ஃபைகஸ் மோலிஸ் என்ற மரத்தை. அதன் இலை ஆலிலை போன்றது. திருப்பித் தடவினால் வெல்வெட்போல மெத்தென்றிருக்கும். அதுவும் கல்மலை மரம்தான். கீழே சொல்லும் நடவு முறை அதற்கும் பொருந்தும். பொருந்தாதது அரசு. அரசும் பாறையில் முளைக்கும், ஆனால் அது பெரிய உடம்பு. வெடிப்புத் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் கணக்கு கல்லரசுக்குத்தான் கைவந்தது. நாற்றுப்பண்ணையில் கல்லரசு என்று கேட்டால் பல நேரம் அரசங்கன்றைத் தருவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, சிறு கன்றில் வித்தியாசம் தெரியாததுதான் காரணம்.

இனி குழி. மலைக்கு நடவு என்றதும் சமவெளிக் கணக்கையே எடுத்துக்கொண்டு போகிறோம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழம் ஒன்றரை அடி. மண் இருந்தால் கடப்பாரை, பாறையென்றால் துளைக்கும் இயந்திரம். பிறகு வண்டலும் தொழுவுரமும் கொட்டிக் கன்றை வைக்கிறோம். முதல் மழையில் செழித்து நிற்கும், படமும் எடுத்துவிடலாம். ஆனால் வெடிப்பில்லாத பாறையில் வெட்டிய குழி என்பது ஓட்டையில்லாத தொட்டி. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வெளியேற வழியின்றித் தேங்கி வேர் அழுகும். அதில் தப்பினாலும் சித்திரையில் நாலு பக்கமும் காய்ந்த பாறை அந்தக் கூடை மண்ணை அடுப்பில் வைத்த சட்டியாக்கிவிடும். அதிலும் தப்பிய கன்றின் வேர் குழிச் சுவரில் முட்டிச் சுற்றிச் சுற்றி வளரும். இரண்டு, மூன்று ஆண்டில் மேலே தலை பெருத்துக் கீழே பிடிமானம் இல்லாமல் ஆடிக் காற்றில் சாயும். சாய்ந்த கன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர்ப்பந்து குழியின் வடிவத்திலேயே கழன்று வரும்.

இயந்திரத்தால் துளைப்பதில் வேறொரு கேடும் இருக்கிறது. பாறைத் தகடு அதிர்ந்து புதிதாக விரியும் கீறலில், அதுவரை ஒரு வெடிப்பை நிரப்பி வந்த ஊற்று வேறு பக்கம் போய்விடலாம். அதே மலையில் ஏற்கெனவே நிற்கும் மரங்கள் அதை நம்பி இருந்திருக்கும். புதிதாக நட்டது பிழைக்காமல் பழையதும் வாடுவதை விட வருத்தம் என்ன இருக்கிறது?

கல்லரசுக்குத் தோண்ட வேண்டியதே இல்லை. இடத்தைத் தேர்வதில்தான் உழைப்பு. அதை நடவுக்கு முந்தைய மழைக்காலத்திலேயே செய்து, சுண்ணாம்பால் சிறு புள்ளி வைத்துவிட வேண்டும். தேட வேண்டியது இரண்டு, மூன்று விரல் அகல வெடிப்பு. மெல்லிய இரும்புக் கம்பியை விட்டுப் பார்த்தால் குறைந்தது இரண்டடியாவது தடையின்றி இறங்க வேண்டும். மூன்றடி என்றால் நல்லது. பிறகு ஒரு குடத்தில் பாதி, ஏழெட்டு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கவனிக்க வேண்டும். ஊற்றியது அப்படியே நின்றால் அது சட்டி, விட்டுவிட வேண்டும். மறுநிமிடம் கீழே பத்தடி தள்ளி மொத்தமும் வெளியே கொட்டினால் அது குழாய், அதுவும் உதவாது. உள்ளே போய், மறுநாள் காலையில் கீழ்ப்புறப் பாறையில் ஈரத் தடமாகக் கசிகிறதென்றால் அதுதான் நமக்கு வேண்டிய இடம். உள்ளே மண் இருக்கிறது, தண்ணீரைப் பிடித்து மெல்ல விடுகிறது என்று பொருள்.

தண்ணீர் சுமக்க முடியாத உயரத்தில் செடிகளே சொல்லும். மழை நின்று ஒரு மாதம் ஆன பிறகும் பெரணியோ பாசியோ பச்சை குறையாமல் நிற்கும் சந்து நல்ல சந்து. குண்டுக்கல்லின் வடக்கு, கிழக்குப் பக்கங்கள் பிற்பகல் வெயிலுக்கு மறைவு தரும். குண்டுக்கல் பாறையில் உட்காரும் அடிவிளிம்பில் சருகு சேர்ந்து கறுப்பு மண் ஆகியிருந்தால் அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. வெங்காயத் தோல்போல் உரியும் தகட்டுப் பாறையில் மட்டும் நடக்கூடாது. வேர் பருத்தால் தகடு கழன்று மரத்தோடு கீழே வரும். உறுதியான பாறையை வேர் புதிதாகப் பிளப்பதில்லை. ஏற்கெனவே உள்ள பிளவைத்தான் அகட்டுகிறது. அதனால் எந்தப் பிளவு அகன்றால் கீழே யாருக்கும் ஆபத்தில்லை என்று பார்த்துத் தேர்வது நம் பொறுப்பு.

பாறையின் மேல் மழைநீர் தேங்கும் ஆழமில்லாத பள்ளங்களை மண் போட்டு நிரப்பி அதில் நடும் வழக்கமும் பரவுகிறது. அதைச் செய்யவே கூடாது. அந்தப் பள்ளங்கள் தவளைக்கும் தட்டானுக்கும் பிறப்பிடம். சில வாரம் மட்டும் உயிர் வாழும் சின்னஞ்சிறு செடிகளுக்கும் வேறு இடம் இல்லை. கன்றும் அங்கே பிழைக்காது.

அடுத்து, கன்று. மதில்களும் கோபுரங்களும் வீணாக்கும் செல்வம் இங்கேதான் இருக்கிறது. சின்னானும் மைனாவும் குயிலும் வௌவாலும் பழத்தைத் தின்றுவிட்டு எச்சமிடும் இடமெல்லாம் விதை விழுகிறது. காரைச் சந்தில் ஈரமும் நிழலும் இருப்பதால் முளைக்கிறது. துப்புரவு என்றால் நம் ஆட்கள் அரிவாளால் தண்டை வெட்டுவார்கள். வேர் உள்ளே இருக்கும். அடுத்த மழையில் ஒரு தண்டுக்கு நாலு தண்டாகத் துளிர்க்கும், வேரோ ஆண்டுக்காண்டு பருத்துக் கல்லைத் தள்ளும். ஆசிட் ஊற்றும் இடங்களும் உண்டு. ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும். செடியைவிடச் சுவருக்குத்தான் அது முதலில் கேடு.

சரியான பருவம் கார்த்திகைக் கடைசியும் மார்கழியும். அந்த ஆண்டு மழையில் முளைத்தவை இரண்டு முதல் ஆறு இலையோடு, பென்சிலை விட மெல்லிய தண்டோடு இருக்கும். முந்தின நாள் மாலை அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து ஊற விட வேண்டும். மறுநாள் காலையில் மெல்லிய உளியாலோ பழைய திருப்புளியாலோ வேரை ஒட்டிய உதிரிக் காரையை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் வேர் நுனி உள்ளே அறுந்து நிற்கும். ஆகவே, வேரைப் பின்தொடர்ந்து போய் நாலைந்து அங்குலமாவது முழுதாக எடுக்க வேண்டும். எடுத்ததும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். கால் மணி நேரம் வெயிலில் கிடந்தாலும் அந்த முடிவேர் காய்ந்துவிடும். இலைகளில் பாதியைக் கிள்ளிவிடலாம். சுவரில் விழுந்த சந்தை அன்றே சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமென்ட் வைத்தால் அது தனியாக விரிசல் விட்டு அடுத்த விதைக்கு இடம் தரும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தொல்லியல் துறையின் அனுமதியும் மேற்பார்வையும் இல்லாமல் யாரும் உளியைத் தொடக்கூடாது. துறையின் ஆட்களே செய்தால் இன்னும் நல்லது. எறியப் போகும் செடியைச் சாக்கில் போட்டுத் தர மட்டும் சொன்னால் போதும்.

கட்டைவிரல் பருமனைத் தாண்டியதைக் கன்றாகக் காப்பாற்ற நினைப்பது வீண். அது கட்டடப் பொறியாளர் தீர்மானிக்க வேண்டிய வேலை.

நடும் பை அகலமாக இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். நாலங்குல அகலம், ஓரடி உயரம், அடியில் நாலைந்து ஓட்டை. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சருகு ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு. முதல் மூன்று வாரம் முழு நிழல், பிறகு மெல்ல மெல்ல வெயில். ஐந்தாறு மாதத்தில் இலை வடிவம் தெளிந்துவிடும். அப்போது வால் நுனி உள்ளவற்றைப் பிரித்து ஏரிக்கரைக்கும் சாலையோரத்துக்கும் கொடுத்துவிடலாம், அவை அரசு. கல்லரசும் கல்லாலும் மட்டும் மலைக்கு. மார்கழியில் பையேறியது வரும் ஐப்பசியில் மலையேற வேண்டும். இன்னோர் ஆண்டு பையில் வைத்தால் வேர் அடியில் சுருண்டுவிடும். அப்படிச் சுருண்ட வேர் வெடிப்புக்குள் நேராக இறங்காது. உயரமான கன்று என்று பார்த்து ஏமாற வேண்டாம். ஒன்றரை அடி உயரக் கன்று போதும், அது பிழைக்கும்.

மதில் இல்லாத ஊரில் விதையிலிருந்து வளர்க்கலாம். கல்லரசு எப்போது பழுக்கும் என்று நாள் குறிக்க முடியாது. ஒரே மலையில் மரத்துக்கு மரம் மாறும். ஒரு மரத்தில் பழுத்தால் பெரும்பாலும் மொத்தமாகப் பழுக்கும், பறவைச் சத்தமே சொல்லிவிடும். கையில் நசுங்கும் பழத்தைத்தான் எடுக்க வேண்டும். ஒன்றைப் பிளந்து உள்ளே பாருங்கள். அத்தியைப் போலவே இதிலும் பூக்கள் பழத்துக்குள்ளேதான். எள்ளைவிடச் சிறிய குளவி ஒன்று வாய்த்துளை வழியே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. அதே இடத்தில் சில பூக்களில் முட்டையும் இடுகிறது. கெட்டியாக, நெருடினால் மணல்போல் உறுத்துவது விதை. உள்ளீடற்று, சில நேரம் துளையோடு இருப்பது குளவி வளர்ந்து வெளியேறிய கூடு. நாலு பழம் பிளந்து நாலிலும் விதை காணாவிட்டால் அந்த மரத்தை அந்த முறை விட்டுவிட வேண்டும்.

பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையை வடித்தால் மிதப்பவை வெறும் கூடுகள், அடியில் தங்குவது விதை. துணியில் பரப்பி நிழலில் ஒருநாள் உலர்த்தி, ஒரு வாரத்துக்குள் விதைக்க வேண்டும். மண்ணை மேலே தூவி மூடக்கூடாது. கடுகைவிடச் சிறிய விதை, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். செங்கல் தூளும் சலித்த மக்குச் சருகும் சம பங்காகக் கலந்த மண்சட்டியில் மேலாகத் தூவி, சட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்துக் கீழிருந்து ஈரம் ஏற விட வேண்டும். மேலே பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்தில் ஒதுங்கிவிடும். கண்ணாடியால் மூடலாம், ஆனால் தினமும் ஒருமுறை திறந்து காற்றாட விட வேண்டும். விடாவிட்டால் முளைத்த பத்தாம் நாள் தண்டு அடியில் கறுத்து நாற்று வரிசையாகச் சாயும். அது நாற்றழுகல், வந்தால் அந்தச் சட்டியைக் காப்பாற்ற முடியாது. இரண்டு முதல் நாலு வாரத்தில் முளைக்கும், நாலிலை வந்ததும் பைக்கு மாற்றலாம்.

சாணத்தோடு பழத்தைப் பிசைந்து பாறைச் சந்தில் அப்பிவிடும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். நிழலும் பாசியும் உள்ள வடக்குச் சந்தில் எப்போதாவது முளைக்கும். வெயில் படும் இடத்தில் சாணம் ஓடாகக் காய்ந்து உதிர்ந்துவிடும். ஆலுக்கும் பூவரசுக்கும் செய்வதுபோல் போத்து வெட்டி நடுவதும் மலைக்குச் சரிப்படாது. போத்து வேர் பிடிக்கும்வரை அடி ஈரம் காயாமல் இருக்க வேண்டும், பாறையில் அந்த உறுதி இல்லை. அடிவாரத் தோட்டத்தில் வேண்டுமானால் செய்து பார்க்கலாம்.

நடும் நாள், வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நல்ல மழை பெய்து வெடிப்பு நனைந்த பிறகு. மழைக்கு முன்பே நட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது பாறையில் செல்லாது. வெடிப்பில் ஏற்கெனவே உள்ள சருகையும் கறுப்பு மண்ணையும் தோண்டி எறிய வேண்டாம், அதுதான் அந்த இடத்தின் உரம். கம்பியால் கிளறி இளக்கி, பையைக் கிழித்து, வேர்மண் உதிராமல், நுனிவேர் நேராகக் கீழ்நோக்கும்படி இறக்க வேண்டும். சுற்றிலும் அடைக்க மூன்று முதல் ஐந்து கிலோ மண் போதும்: செம்மண், மக்குச் சருகு, கல்பொடி. பச்சைச் சாணமும் இரசாயன உரமும் வேண்டாம். சாணம் கரையானை அழைக்கும், உரம் தண்டைத் தளதளவென்று வளர்க்கும். கோடையைத் தாங்கும் கட்டை அதில் உருவாகாது. தண்டின் இரு பக்கமும் கையளவு கல்லை ஆப்புபோல் இறுக்கிச் செருக வேண்டும், காற்றில் கன்று ஆடினால் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். மேலே தட்டைக் கல் இரண்டைப் பரப்பி மண் தெரியாமல் மூடினால் ஈரம் காக்கும். கீழ்ப்புறம் ஒரு கை நீளத்துக்குப் பிறை வடிவில் கல்லடுக்கினால் மேலிருந்து உருளும் சருகு அங்கே தங்கும். சிமென்ட் வைத்துக் கன்றைப் பாறையோடு பூசும் வேலையை எங்கும் அனுமதிக்கக் கூடாது. தண்டு பருக்க இடமில்லாமல் அடிப்பட்டை நசுங்கும்.

முதல் கோடைதான் சோதனை. மாசி முதல் வைகாசி வரை பத்து நாளுக்கு ஒருமுறை ஐந்து லிட்டர். ஒரே ஊற்றாக ஊற்றினால் பாதி வழிந்தோடும். அடியில் ஊசித்துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைத் தட்டைக்கல் மேல் வைத்து ஊற்றினால் வெடிப்புக்குள் சொட்டும். இரண்டாம் கோடையில் இருபது நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதில் தேவையில்லை. மலை மேல் தண்ணீர் சுமக்க ஆள் கிடைக்கும் எண்ணிக்கைக்கு மேல் கன்று நடக் கூடாது. இருநூறு நட்டு இருபதைக் காப்பதைவிட நாற்பது நட்டு முப்பதைக் காப்பது மலைக்கு நல்லது.

இந்தக் கோடையில்தான் நல்ல கன்றுகளைச் செத்தது என்று பிடுங்கி எறிகிறார்கள். கல்லரசு இலையுதிர்க்கும் மரம் என்று முன்பே சொன்னோம். நட்ட முதல் ஆண்டில் ஈரம் குறைந்தாலும் முழுவதும் உதிர்த்துக் குச்சியாக நிற்கும், இரண்டு மாதம்கூட நிற்கும். அந்தக் குச்சியின் தோலை நகத்தால் எள்ளளவு கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்து, பால் ஒரு முத்தாகத் துளிர்த்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே, வேர்க்கழுத்தருகே கீற வேண்டும். அங்கே பச்சை இருந்தால் மழையில் அடியிலிருந்து துளிர்க்கும். அங்கும் இல்லையென்றால்தான் செத்தது. ஆடி மாதம் வரை எந்தக் கன்றையும் பிடுங்கக் கூடாது.

ஆடு இதன் குழையை விரும்பித் தின்னும். இலந்தை முள்ளோ வேல முள்ளோ மூன்று கொப்புகளைச் சுற்றிச் சாய்த்துக் கல் வைத்துவிட்டால் இரண்டு ஆண்டு தாங்கும். இரும்புக் கூண்டு மலைக்கு வேண்டாம், வெயிலில் சூடேறித் துளிரைக் கருக்கும். குரங்கு உள்ள மலையில் புதிதாகக் கிளறிய இடத்தைக் கிண்டிப் பார்க்கும். தட்டைக்கல் மூடாக்குக்கு அதுவும் ஒரு காரணம். நெருப்பு இவற்றையெல்லாம் விடப் பெரிய எதிரி. தை மாதத்திலேயே கன்றைச் சுற்றி மூன்றடிக்குக் காய்ந்த புல்லை அறுத்து அகற்ற வேண்டும். அந்தப் புல்லைக் கன்றடியிலேயே மூடாக்காகப் போட்டால் தீயைக் கூப்பிட்டு வைத்ததுபோல் ஆகும்.

நடக் கூடாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சமணத் தீர்த்தங்கரர்கள் 24 பேரைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்திலேயே கீழ்வாலையில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. சமணப் படுக்கை, கல்வெட்டு, ஓவியம், குடைவரை உள்ள பாறையிலும் அதற்கு மேலே தொடரும் வெடிப்பிலும் ஒரு கன்றுகூட வேண்டாம். பறவை போட்டு முளைத்தாலும் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வேர் சுரக்கும் ஈரமும் அதன் வழியே இறங்கும் மழைநீரும் ஓவியத்தை அழிக்கும். வீடு, கிணறு, தண்ணீர்த் தொட்டி இவற்றுக்கு அறுபது அடிக்குள்ளும் நட வேண்டாம்.

இத்தனை பாடும் ஒரு மரத்துக்கா என்று கேட்கலாம். கல்மலையில் மற்ற மரங்கள் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் எங்காவது ஒரு கல்லரசு பழுத்திருக்கும். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டு வேறெங்கும் இல்லாத மஞ்சள் தொண்டைச் சின்னான் இப்படிப்பட்ட பழங்களை நம்பி வாழ்கிறது. உலக அளவில் அழிவாய்ப்புள்ள பறவைகளில் அதுவும் ஒன்று. விழுந்த பழத்துக்குக் கரடி வரும். மரம் பாறையில் பிடித்து வைக்கும் சருகு மண்ணாகி, அதில் புல்லும் புதரும் ஏறும். ஒரு வெடிப்பில் மண் உண்டாக எத்தனை தலைமுறை ஆகுமோ, இந்த மரம் அதைச் சுருக்கித் தருகிறது.

வருவாய்த்துறைக் கணக்கில் இந்த மலைகள் கல்லாங்குத்து, பாறை, கரடு என்று ஏறியிருக்கின்றன. அந்தச் சொல்லைப் படிப்பவருக்கு அங்கே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும், அதனால் குவாரிக்கோ நடவுத் திட்டத்துக்கோ கை நீளுகிறது. மதுரை அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, கல்மலை வெற்றிடமல்ல என்று அரசே ஒப்புக்கொண்டது. மற்ற கல்மலைகளுக்கும் அந்தக் கண் வேண்டும். நடவுக்கு முன் மலையில் ஏற்கெனவே நிற்கும் கல்லரசு, கல்லால் மரங்களை எண்ணிக் குறிப்பது அதன் முதல் படி. துளிர் விடும் பங்குனியில் இரண்டு பேர் இரண்டு நாளில் ஒரு குன்றை எண்ணி முடிக்கலாம். வழி அகலப்படுத்தவோ விளக்குக் கம்பம் நடவோ அந்த மரங்களில் ஒன்றை வெட்டினால், புதிதாக நூறு நட்டாலும் பல ஆண்டுக்கு அந்தப் பழம் திரும்ப வராது.

நடவுப் பணியின் மதிப்பீட்டில் இன்று குழிக்கு இவ்வளவு, கன்றுக்கு இவ்வளவு என்றுதான் தொகை வருகிறது. கல்மலைக்கு மட்டுமாவது இதை மாற்றித் தர வேண்டும் என்று வனத்துறையையும் உள்ளாட்சி அமைப்புகளையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். குழிக்கான தொகையை எடுத்துவிட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் சுமக்கும் கூலியாக எழுத வேண்டும். எண்ணிக்கையை நட்ட அன்று எடுக்காமல், இரண்டாம் ஆண்டு ஆடி மழைக்குப் பிறகு, துளிர்த்து நிற்பதை எண்ணிக் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். மதில் துப்புரவு ஒப்பந்தத்தில், ஆறு இலைக்கு உட்பட்ட செடிகளை வேரோடு எடுத்து ஈரச் சாக்கில் நாற்றுப்பண்ணைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். வரும் மார்கழியிலேயே அதைத் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
செஞ்சி வட்டார வாசகர்கள் சிலர்